ஈசிஜி நார்மல், அப்புறம்?

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடிவருகிறவர்களில் சிலருக்கு இதயத்தில் எந்தக் கோளாறும் இருக்காது. ஈசிஜி நார்மல் என்று வரும். "ஒண்ணுமில்ல, கேஸ்தான், டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வந்தவருக்கோ உயிர் போய்த் திரும்பியிருக்கும். கொஞ்ச நாளில் மறுபடி வந்து நிற்பார். இவர்களில் பலருக்கு வருவது பானிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயம். அதற்கு நன்றாகப் பலன் தரும் சிகிச்சை சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை: பயத்தை வளர்க்கும் நினைப்பையும் பழக்கத்தையும் சோதித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளப் பழக்குவது. அதை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

'கவுன்சிலிங்' என்றாலே நாலு வார்த்தை ஆறுதல் என்ற நினைப்பு துறைக்குள்ளேயே இருப்பதால், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு பேருந்து நடத்துநர் வந்தார். கூட்டத்தில் டிக்கெட் கொடுக்கும்போது திடீரென்று படபடப்பு, விரல் நுனியில் மரமரப்பு, 'இதோ அட்டாக்' என்ற நினைப்பு. நினைத்ததும் மூச்சு வேகமாகும், படபடப்பு ஏறும். இதய நோயாளியான அப்பாவின் மாத்திரை ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்தார். இறங்க வசதியாகப் படிக்கட்டுப் பக்கமே நிற்பார். ஒவ்வொரு முறையும் தப்பித்தது அந்த மாத்திரையாலும் படிக்கட்டாலும்தான் என்று அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டது.

இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னேன். அதே மரமரப்பு, அதே கிறுகிறுப்பு வந்தது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால் வருவதுதான் இது. "அட, இது நானே வரவழைச்சதா?" என்று கேட்டார். பிறகு மாடிப்படி ஏறி இதயத்தை வேண்டுமென்றே துடிக்கவிட்டோம். அப்புறம் மாத்திரை இல்லாமல், பேருந்தின் நடுவில் நின்று டிக்கெட் கொடுக்கப் பழகினார். ஏறும்முன் 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்', இறங்கியபின் 'என்ன நடந்தது' என்று நோட்டில் எழுதிக்கொள்வார். சில வாரங்களிலேயே பழையபடி வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் மருந்துதான் அடித்தளம். சிபிடி எல்லோருக்கும் பலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பதற்றம், மிதமான மனச்சோர்வு, தூக்கமின்மை என்று வருகிறவர்களுக்கு இப்போது மாத்திரைச் சீட்டு மட்டுமே கிடைக்கிறது என்றால், அது பாதி வைத்தியம்தான்.

உளவியலாளர்களுக்கு எங்கே போவது என்பீர்கள். மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் அமெரிக்காவில் இந்த முறையை வகுத்தபோது அது நிபுணர்களின் கையில் இருந்தது உண்மை. இங்கிலாந்து 2008இல் இதற்கென்றே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து நாடு முழுக்கக் கொண்டுபோனது. அவர்களிடம் பணம் இருக்கிறது, சரி. பாகிஸ்தானைப் பாருங்கள். ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளுக்குப் பெண் சுகாதாரப் பணியாளர்களே சிபிடி முறைகளைப் பயிற்சி எடுத்துச் செய்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது அந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. பயிற்சி இல்லாத பணியாளர்கள் அதே அளவு வீட்டுக்குப் போய்வந்த குழுவில் 53 சதவீதம். 2008இல் வெளியான ஆய்வு அது. வெறும் பேச்சுத்துணையாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தானே இருந்திருக்கும்?

நம்மிடம் ஆட்களும் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதில் வேலை செய்யும் மகளிர் தன்னார்வலர்களில் விருப்பமுள்ளவர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இரண்டு மாவட்டங்களில் பயிற்சி கொடுத்துத் தொடங்குங்கள். ஒருமுறை வகுப்பு எடுத்துவிட்டுக் கைவிட்டால் பயனில்லை; மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் வாராவாரம் உட்கார்ந்து அவர்களோடு ஒவ்வொரு கேஸையும் பேச வேண்டும். தற்கொலை எண்ணம் தெரிந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பும் வழி வேண்டும். ஊசி போடும் இடத்தில் திரைக்குப் பின்னால் வைத்துப் பேச முடியாது, கதவு சாத்தக்கூடிய அறை ஒன்று வேண்டும்.

அப்புறம், இந்தக் கூடுதல் வேலைக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொடுங்கள். பேச்சுதானே என்று அந்தப் பெண்களிடம் சும்மா வாங்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் உளவியலாளர்