குடித்ததை அல்ல, சொன்னதைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிரெட் கவனாவின் நியமனம் பற்றிப் பேச்சு வந்தாலே, "படிக்கிற வயதில் பீர் குடித்ததெல்லாம் ஒரு குற்றமா?" என்று சிலர் கேட்கிறார்கள். அது மட்டும்தான் விஷயம் என்றால், இல்லை என்றே நானும் சொல்வேன்.

ஆனால் 2018 செப்டம்பர் 27 அன்று அவருடைய நியமனத்தைப் பரிசீலித்த செனட் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை) குழு முன்பு நடந்தது வேறு. பதின்ம வயதில் குடிபோதையில் கவனா தன்னிடம் அத்துமீறியதாக கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டு சத்தியப்பிரமாணத்தோடு சாட்சி சொன்னார். அவர் அதை அடியோடு மறுத்தார். நினைவு தப்பும் அளவுக்குக் குடித்ததே இல்லை என்றார். யேல் பல்கலைக்கழகத்தில் அவருடன் படித்த சிலரோ, அவர் தன் குடியைக் குறைத்துச் சொல்கிறார் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். அப்புறம் அதை விசாரிக்காமல் எப்படி விடுவது? அது அந்தரங்கத்தில் தலையிடுவது ஆகாது.

செனட்டர் ஏமி குளோபுச்சார், தன் தந்தை குடிநோயோடு போராடியதைச் சொல்லிவிட்டுத்தான், குடித்து நினைவு தப்பியதுண்டா என்று கவனாவிடம் கேட்டார். அவரிடமே "உங்களுக்கு அப்படி ஆனதுண்டா?" என்று திருப்பிக் கேட்டார் அவர். பிறகு மன்னிப்புக் கேட்டார், சரி. ஆனாலும் அந்தக் கோபம் ஒரு நீதிபதியிடம் இருக்கக்கூடியதா?

1989-இல் ஜான் டவரைப் பாதுகாப்பு அமைச்சராக்க செனட் 53-47 என்று மறுத்ததற்கு அவருடைய குடிப்பழக்கமும் ஒரு காரணம். அமைச்சரை அதிபர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கவனாவுக்கு 50-48 வாக்கில் கிடைத்ததோ ஆயுள் முழுவதற்குமான பதவி.