முள்ளையும் சேர்த்தே சொல்லுங்கள்: உணவு அறக்கட்டளை ஒன்றின் அறங்காவலர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். நஞ்சில்லா உணவுக்காகவும் அதை விளைவிப்போரின் வாழ்வுக்காகவும் வேலூரில் இயங்கிவரும் நம் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில், உணவு நிறுவனங்களுக்கும் ஓட்டல்களுக்கும் நெடுங்காலம் விளம்பரப் பணி செய்த அம்மையார் ஒருவரைச் சேர்த்திருப்பதாகக் கடந்த கூட்டத்தில் அறிவித்தீர்கள். அணைக்கட்டு வட்டத்தில் முக்கால் ஏக்கரில் முள்ளுக் கத்திரி பயிரிட்டு, ஆறு ஆண்டுகளாக உங்கள் அங்காடிக்குக் காய் கொடுத்துவரும் உறுப்பினன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவருடைய வருகையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், அவர் எந்த வேலைக்காக அழைக்கப்பட்டிருக்கிறார் என்பதை நீங்கள் எழுத்தில் வரையறுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வரவேற்பதற்குக் காரணம் எங்கள் காயே. இலவம்பாடிப் பகுதியின் முள்ளுக் கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் சந்தையில் இந்தக் காயைக் கையில் எடுப்பவர்களில் பலர், காம்பிலும் அதையொட்டிய பச்சைத் தொப்பியிலும் நிற்கும் முள் குத்தியதும் கூடையிலேயே போட்டுவிட்டு, மழமழப்பான வேறு கத்திரியைத் தேடிப் போகிறார்கள். விடியுமுன் பறிக்கப் போகும் என் மனைவி வலக்கையின் இரண்டு விரல்களில் பழந்துணி சுற்றிக்கொள்வார். அப்படியும் மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து ஊசியால் முள் எடுக்காத நாள் குறைவு. அந்த முள்தான் எங்கள் காயின் அடையாளம் என்று வாங்குபவருக்குச் சொல்ல எங்களுக்கு வாயும் போதவில்லை, நேரமும் போதவில்லை. பெயர் தெரியாத சரக்குக்கு விலை கிடைக்காது. எனவே, சொல்லத் தெரிந்த ஒருவர் நமக்குத் தேவைதான்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பீஞ்சமந்தை உள்ளிட்ட ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து நம் அங்காடிக்கு வரும் சாமையை நினைத்துப் பாருங்கள். உமியை மட்டும் நீக்கிய சாமை தவிட்டோடு சற்று மங்கிய நிறத்தில் இருக்கும். அந்தத் தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நெடுநாள் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். தீட்டிய சாமையோ வெள்ளை வெளேரென்று படத்துக்கு அழகாக இருக்கும், கடையிலும் கெடாமல் நிற்கும். ஆனால் நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் தவிட்டோடு போயிருக்கும். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி நகரத்துக் கடைகளில் நான் பார்த்த பொட்டலங்களில் பல இப்படித் தீட்டிய வெள்ளைச் சாமையே. விற்பதற்கு ஏற்றபடி பொருளை மாற்றுவது விளம்பரத் தொழிலில் இயல்பாக இருக்கலாம். நம் அறக்கட்டளையில், பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லி, அதை எப்படிச் சேமிப்பது, எத்தனை நாளில் சமைத்துவிட வேண்டும் என்று வாங்குபவருக்குக் கற்றுத்தருவதே விளம்பரமாக இருக்க வேண்டும்.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் வந்து எங்கள் நிலத்தையும் என் தாயாரையும் படம் எடுத்துச் சென்றார்கள். பிறகு அந்தப் படம் அச்சான பொட்டலம் ஒன்று என் கைக்கு வந்தது. உள்ளே இருந்த பொருள் எங்கள் ஊரில் விளையவே விளையாதது. என் தாயார் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் எப்போடா இதை வித்தேன்?" என்று கேட்டார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே, புதிய உறுப்பினர் தம் தொழிலில் இப்போது எந்தெந்த நிறுவனங்களுக்குப் பணி செய்கிறார் என்பதை ஆண்டுதோறும் எழுத்தில் அளித்து, அதைப் பொதுக்குழுவில் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த நிறுவனங்களோடு கொள்முதலோ நன்கொடையோ பேசப்படும்போது அவர் அந்த முடிவில் பங்கேற்காமல் விலகியிருக்கட்டும். இது அவர்மீது ஐயம் கொண்டு கேட்பதன்று. கணக்கு எழுதுபவரிடம் ரசீது கேட்பதைப் போன்றது. 'இயற்கையானது', 'தூய்மையானது', 'பாரம்பரியமானது' போன்ற சொற்களை எப்போது ஆளலாம் என்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் வரையறுத்துள்ளன. பாலாற்றுப் படுகையில் வாழும் நாம் அவற்றைவிடக் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும். தோல் ஆலைக் கழிவால் கெட்ட நிலத்தையும் நீரையும் முன்னிட்டு, வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த ஊரில், எந்தக் கிணற்று நீரில் விளைந்தது என்று சொல்லாமல் 'இயற்கை' என்று மட்டும் அச்சிட்டால், இந்த மாவட்டத்தில் அது பாதி உண்மைதான்.

இன்னொன்றையும் கேட்கிறேன். பேசத் தெரிந்தவருக்கு ஓர் இடம் தந்த குழுவில், விளைவிப்பவருக்கு இரண்டு இடங்களாவது தாருங்கள். அதில் ஒன்று மலையிலிருந்து வரும் பெண்ணுக்கு இருக்கட்டும். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் பறிப்பை முடித்து, காயைச் சந்தையில் இறக்கிவிட்டு எங்களால் வந்து சேர முடியாது, பிற்பகலுக்கு மாற்றுங்கள்.

புதிய உறுப்பினரை எங்கள் ஊருக்கு அனுப்பிவையுங்கள். முதல் பேருந்தில் வந்தால் பறிப்பு முடிந்திருக்கும். முந்தைய இரவே வந்து எங்கள் வீட்டில் தங்கட்டும். அவர் விரலுக்குச் சுற்றத் துணியை என் மனைவி எடுத்து வைத்திருப்பார்.

இப்படிக்கு,
அணைக்கட்டு வட்டத்துக் கத்திரி விவசாயி, பொதுக்குழு உறுப்பினன்