கிராணியார் எழுதிய காதல் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸும் மனைவி அபிகெயிலும் 1762 முதல் 1801 வரை எழுதிக்கொண்ட கடிதங்கள் 1,100-க்கும் மேல். அவர் பிலடெல்பியா, ஐரோப்பா என்று அரசியல் வேலையாக அலைய, அம்மையார் பண்ணையையும் பிள்ளைகளையும் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டார். 'என் உற்ற நண்பரே' என்றுதான் விளித்துக்கொள்வார்கள். வெறும் கொஞ்சல் இல்லை. 1776 மார்ச்சில், புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அபிகெயில் கேட்டார். ஜான் சிரித்து ஒதுக்கினார். (எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.)

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தில் பால் எடுத்த) என் தாத்தாவுக்கு எழுத்து வராது. ஊரில் இருந்த பாட்டிக்குத் தோட்டத்து எழுத்தரான கிராணியார்தான் எழுதித் தருவார். அடுத்தவர் கையால் என்ன கொஞ்ச முடியும்? "இங்கே மழை, வெட்டு இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்." அவ்வளவுதான். அந்தத் தாள்களைத் தகரப் பெட்டியில் பூட்டி, கப்பலேறும்போது பாட்டி கையோடு கொண்டுவந்தார்.

இப்படிப் பழைய தோட்டக் கடிதங்கள் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்குவீர்களா?

தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்