என்ன விசேஷம், அண்ணி?

அண்ணி,

உங்கள் நம்பர் என்னிடம் இருந்திருந்தால் இதை உங்களுக்கு மட்டும் அனுப்பியிருப்பேன். அன்றைக்கு நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நியூஜெர்சி எடிசனில், அந்த மளிகைக் கடையில், முருங்கைக்காய்க் கூடைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். முடி முழுக்க நரைத்திருந்தும் காயை முறுக்கிப் பார்த்த விதத்தில் சட்டென்று அடையாளம் தெரிந்துவிட்டது. "என்ன விசேஷம்?" என்று கேட்டீர்கள். "ஒண்ணும் இல்ல, அப்படியே இருக்கேன். நீங்க?" என்றேன். "இருக்கேன்" என்றீர்கள். அம்மாவைக் கேட்டீர்கள், போய்ப் பல வருஷம் ஆகிறது என்றேன். "நல்லவங்க" என்றீர்கள். பில் போடும் வரிசை நகர்ந்தது, அவ்வளவுதான். கார் கதவைச் சாத்தி சீட் பெல்ட்டை இழுத்தபோதுதான் உறைத்தது, நாம் பேசியது அப்படியே அந்தப் பாட்டு என்று. அந்தக் கார் நிறுத்தத்தில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 1983 செப்டம்பரில் வெளியிட்ட 'வாட்ஸ் நியூ' ஆல்பத்தின் முதல் பாட்டு, பாட்டுக்கும் அதே பெயர்தான். பழைய காதலரை எதிர்பாராமல் பார்க்கும் ஒருத்தி, என்ன விசேஷம், உலகம் உன்னை எப்படி வைத்திருக்கிறது, ஒரு சுற்றும் பெருக்காமல் அப்படியே இருக்கிறாயே என்று பேசிக்கொண்டே போவாள். எதிரில் இருப்பவர் சொல்லும் பதில் நமக்குக் கேட்காது. அவர் விடைபெற்றுப் போன பிறகு, கடைசி வரியில்தான், தான் மாறவே இல்லை என்பதைச் சொல்வாள், அதுவும் தனக்குள். அரிசோனாவில் நம் டூசான் வீட்டு ஹாலில் அந்தத் தட்டை முதல் தடவை போட்டுக் காட்டியபோது நீங்கள் சொன்னீர்கள்: "பாரு, சுரத்தை நேரா பிடிக்கிறா, ஒரு அசைவு கிடையாது. அசைக்காமலே அழ வைக்கிறா." கமகம் இல்லாமல் ஒரு பாட்டு எப்படி உருக்கும் என்று எனக்குப் புரியாத வயசு அது.

1984 ஆகஸ்டில் வந்து இறங்கினேன். டூசானில் மழைக்காலம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது, சாயங்காலமானால் கேட்டலீனா மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், பாலைவனத்துப் புதர்களிலிருந்து ஒரு மண்வாசனை எழும்பும். அண்ணன் லேபில் இருப்பான். உங்கள் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது, வீட்டில் ஒரு ரெக்கார்ட் ப்ளேயர், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து நீங்கள் வாங்கின ஐந்தாறு தட்டுகள். அதில் இந்த ஒன்றுதான் தேய்ந்தது. லிண்டா அந்த ஊர்ப் பெண். ரான்ஸ்டாட் என்றால் அங்கே பழைய ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது டவுன்டவுனில் அவர் குடும்பம் நடத்திய ஹார்டுவேர் கடைதான். ஆணியும் குழாயும் விற்ற வீட்டுப் பெண் உலகம் பூராவும் பாடுகிறாள் என்பதில் உங்களுக்கு அப்படி ஒரு பெருமை, ஏதோ உங்கள் மாயவரத்துக்காரி ஜெயித்த மாதிரி.

அட்டைப்படத்தில் பழைய கால கவுன் போட்டுக்கொண்டு, சாட்டின் விரிப்பில் படுத்திருப்பார், காதில் மட்டும் வாக்மேன். அந்த ஒரு படத்திலேயே எல்லாம் இருக்கிறது என்பீர்கள். பாட்டுகள் எல்லாம் 1920கள், 30கள், 40கள், கேட்கிறவள் இன்றைக்கு.

அப்போது நமக்குத் தெரியாமல், பிறகு நான் தேடித் தேடிப் படித்ததை உங்களிடம் சொல்ல இத்தனை வருஷமாக ஆசை. ராக் பாட்டால் அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தவர் இந்தப் பாட்டுகளைப் பாடப் போகிறேன் என்றதும் ரெக்கார்ட் கம்பெனித் தலைவர் பயந்து தடுத்துப் பார்த்திருக்கிறார், ரசிகர்கள் ஓடிவிடுவார்கள் என்று. 1981இல் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லரோடு ஒரு தடவை பாடிப் பார்த்து, சரி வராமல் வெளியிடாமலே விட்டுவிட்டார். இன்னொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் நெல்சன் ரிடிலைத் தேடிப் போனார், பாடகர் சினாட்ராவின் பாட்டுகளுக்குப் பின்னணி இசை அமைத்துக் கொடுத்த அதே ரிடில், அப்போது அறுபதைத் தாண்டியவர். 'வாட்ஸ் நியூ', 'கெஸ் ஐ'ல் ஹாங் மை டியர்ஸ் அவுட் டு டிரை', 'குட்பை' மூன்றையும் அவர் 1958லேயே சினாட்ராவின் 'ஒன்லி தி லோன்லி' ஆல்பத்துக்குச் செய்து முடித்தவர். அதே பாட்டுகளுக்கு, இருபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு பெண் குரலுக்காக மறுபடி உட்கார்ந்து எழுதினார். பில்போர்டில் மூன்றாம் இடம், அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் விற்பனை, ரிடிலுக்கு ஒரு கிராமி. பயந்தவர்கள் என்ன சொன்னார்களோ!

இன்னொன்று, இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். 'வாட்ஸ் நியூ' முதலில் பாட்டே இல்லை. 1938இல் பாப் ஹகார்ட் ட்ரம்பெட்டுக்காகப் போட்ட மெட்டு, பெயர் 'ஐ'ம் ஃப்ரீ'. அடுத்த வருஷம்தான் ஜானி பர்க் வார்த்தை எழுதினார். "நான் சுதந்திரமானவள்" என்ற பெயருள்ள மெட்டில், விடுபடவே முடியாத ஒருத்தியின் பேச்சு. உங்களோடு அந்தச் சமையலறை மேடையில் உட்கார்ந்து இதைப் பேசியிருக்க வேண்டும்.

சரி, சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்த தீபாவளிக்கு வந்தாக வேண்டும்.

1985 அக்டோபர் 6, ரிடில் இறந்துபோனார். பேப்பரில் செய்தி பார்த்த அன்று சாயங்காலம் முழுக்க அந்தத் தட்டையே திருப்பித் திருப்பிப் போட்டீர்கள், விளக்குகூட ஏற்றவில்லை. "அந்தப் பின்னணியில இருக்கிறவரைப் பத்தி யாருமே பேச மாட்டாங்க" என்றீர்கள். ஒரு மாசம் கழித்து நம் வீட்டில் தீபாவளி, இருபது பேர், ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சாப்பிட்ட பிறகு உங்களைப் பாடச் சொன்னார்கள். எல்லாரும் எதிர்பார்த்தது ஒரு கீர்த்தனை, நீங்கள் வழக்கமாகப் பாடுகிற ஹம்சத்வனி. நான்தான் உங்கள் காதில் சொன்னேன், "அண்ணி, வாட்டில் ஐ டூ பாடுங்க." நீங்கள் முடியாது என்று தலையாட்டினீர்கள். நான் விடவில்லை. "ரிடிலுக்காக" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

பாடினீர்கள். சுவரோரமாக உட்கார்ந்து, தொடையில் திஸ்ரமாக மெதுவாகத் தட்டிக்கொண்டு, எர்விங் பெர்லின் 1923இல் எழுதினதை. நீ தூரத்தில் இருக்கும்போது, என் துக்கத்தைச் சொல்ல ஒரு புகைப்படம் மட்டும் இருக்கும்போது, நான் என்ன செய்வேன் என்று கேட்கிற பாட்டு. லிண்டா மாதிரி பாடவில்லை. உங்கள் குரல் அதைவிடத் தாழ்ந்தது, 'டூ' என்ற இடத்தில் உங்களை அறியாமல் ஒரு சின்ன அசைவு வந்தது, அதை நான் வேறு யார் பாடியும் கேட்டதில்லை. முடிந்ததும் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரியா என்றார். அண்ணன், "உனக்கு வேற பாட்டே கிடைக்கலையா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

நீங்கள் மற்ற யாரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும், நான்தான் கேட்டேன், அந்த அறையில் அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை. ஒரு வாக்கியம் போதும், "நான்தான் பாடச் சொன்னேன்." சொல்லவில்லை. எனக்கு இருபத்திரண்டு முடிந்து இருபத்து மூன்று. என் விமான டிக்கெட், முதல் வருஷ ஃபீஸ், தூங்கின பாய் எல்லாம் அண்ணன் கொடுத்தது. அவன் முன்னால் வாய் திறந்து பழக்கமே இல்லை. இதெல்லாம் உண்மை, சாக்கு இல்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க டிக்கெட் பணம் குறுக்கே நிற்கவில்லை. சும்மா தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்கலாம். சிரித்துவிட்டேன் அண்ணி. மன்னித்துவிடுங்கள்.

அண்ணனைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன். அவன் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள், அவர்கள் அம்மாவும் படிப்பார், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் நடந்ததில் எனக்குத் தெரிந்தது பாதிதான், அந்தப் பாதியும் என்னுடையது இல்லை.

என்னுடையதை மட்டும் சொல்கிறேன். அந்த தீபாவளிக்குப் பிறகு நீங்கள் வீட்டில் பாடவில்லை, இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. அதோடு, ஐந்து மாசம் என்னோடு பேசவும் இல்லை. டிபன் கட்டி வைத்தீர்கள், காய்ச்சலில் கிடந்தபோது ரசம் சாதம் பிசைந்து கொடுத்தீர்கள், பேச்சு மட்டும் கிடையாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஏன் சிரிச்ச?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே காலில் விழுந்திருப்பேன். ஏப்ரலில் நான் கிளாஸ் முடிந்து வந்தால் வீடு காலி. படுக்கையில் இந்தத் தட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல். அம்மா ஊரிலிருந்து போன் செய்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அழுதபோது பதில் சொன்னது நான். நீங்கள் போனது சரி, அதை அப்போதே நினைத்தேன், இப்போதும் சொல்வேன். போன விதம் சரியில்லை. என்னை அத்தனை பேரில் ஒருத்தியாக வைத்துவிட்டுப் போனீர்கள். ஒரு சிரிப்புக்கு நாற்பது வருஷம் அதிகம்.

அந்தத் தட்டை எனக்குக் கொடுத்தீர்களா, என் முகத்தில் எறிந்தீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு வருஷம் அன்பளிப்பு என்று நினைப்பேன், அடுத்த வருஷம் அதைப் பார்க்கவே பிடிக்காது. 86இல் லிண்டாவும் ரிடிலும் சேர்ந்து செய்த மூன்றாவது ஆல்பம் 'ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்' வந்தபோது தனியாகப் போய் வாங்கினேன். ரிடில் பாதியில் போய்விட்டதால் மீதியை வேறொருவர் நடத்தி முடித்த ஆல்பம். பக்கத்தில் நீங்கள் இல்லாமல் கேட்க முடியவில்லை, பாதியில் எடுத்துவிட்டேன். 2013 ஆகஸ்டில் லிண்டா இனி ஒரு சுரம்கூடப் பாட முடியாது என்று செய்தி வந்தது. அப்போது பார்க்கின்சன் என்றார்கள், பிறகு அது வேறு ஒரு நரம்பு நோய் என்று தெரிந்தது. அன்றைக்கு முழுக்க உங்கள் ஞாபகம். அவருக்கு நோய் வந்து குரல் போனது. உங்களுக்கு என்ன வந்தது? மாயவரத்தில் பன்னிரண்டு வருஷம் கற்ற பெண், ஒரு ஹாலில் இருபது பேர் சிரித்ததற்காக. இப்போது பாடுகிறீர்களா? கடையில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும், அம்மா கதையைப் பேசிக்கொண்டு நின்றேன்.

இதே தட்டில் இருக்கும் கெர்ஷ்வின் பாட்டு 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' முதன்முதலில் 1926இல் 'ஓ, கே!' என்ற மேடை நாடகத்தில் வந்தது. கெர்ட்ரூட் லாரன்ஸ் அதை மேடையில் ஒரு துணிப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அதனிடம் பாடினாராம். அந்தப் பாட்டு வருவதற்கு முன்னால் பேச்சு மாதிரி ஒரு பகுதி இருக்குமே, நீங்கள் அதை விருத்தம் என்பீர்கள், அதைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டு ஹம் செய்வீர்கள், பாட்டு தொடங்குகிற இடத்தில் குழாயை மூடிவிடுவீர்கள். நான் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருப்பேன். கேட்க வேறு ஆள் இல்லை. அந்தப் பொம்மையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் சமையலறைதான் ஞாபகம் வந்தது.

இந்த வாரம் புது ப்ளேயர் வாங்கித் தட்டைப் போட்டுப் பார்த்தேன். முதல் பக்கம் சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் பக்கம், இரண்டாவது பாட்டில் ஊசி துள்ளுகிறது, நீங்கள் இருந்தபோதே துள்ளும். 'வாட்டில் ஐ டூ'வின் நடுவில் ஒரு வரி கிடையாது. நீங்கள் அந்த வரியைச் சரியாக அந்த இடத்தில் பாடி நிரப்புவீர்கள், பிறகு லிண்டா சேர்ந்துகொள்வார். இப்போது அந்த இடம் வெறுமனே போகிறது. நான் பாடிப் பார்த்தேன், தாளம் நிற்கவில்லை.

உங்களுடையதை உங்களிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் அந்தக் கடைக்கு வழக்கமாக வருகிறவர் மாதிரி தெரிந்தது, பில் போட்ட பெண் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இனி சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன், தட்டு பையில் இருக்கும், அட்டை மூலை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அது என் மகன் சின்ன வயசில் செய்தது. பேச வேண்டும் என்றில்லை. வாங்கிக்கொண்டு போனால் போதும்.

பேசுவதாக இருந்தால், என்ன விசேஷம் என்று மறுபடி கேளுங்கள், அண்ணி.