எங்களைப் பற்றிய ஆய்வு எங்கள் கைக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அங்கன்வாடி என்றால் நாளிதழ்களில் மூன்று விதமாகத்தான் செய்தி வருகிறது. கூரை பெயர்ந்து விழுந்தது, முட்டை கெட்டிருந்தது, பணியாளர்கள் மறியல் செய்து கைதானார்கள். மூன்றும் வரவேண்டிய செய்திதான், குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் குழந்தைகள் வந்து உட்கார்ந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் அந்த அறைக்குள் என்ன படிக்கிறார்கள், சொல்லித் தருகிறவர் அதை எங்கே கற்றுக்கொண்டார் என்று யாரும் எழுதக் காணோம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்து மையத்தில் அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கு இன்னமும் பால்வாடி டீச்சர்தான்.

மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் என் அக்கா மகள் ஒருநாள் ராத்திரி போன் செய்து, "சித்தி, இன்னிக்கு எங்க கிளாஸ்ல உங்க பால்வாடியப் பத்தித்தான் பாடம்" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே பாடம்தான். அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் தமிழ்நாடு அரசோடு சேர்ந்து நம் மாநிலத்து அங்கன்வாடிகளில் நடத்திய ஆய்வு அது. 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அதில் பாதிக்கு, அதாவது 160 மையங்களுக்கு மட்டும், முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள். மற்ற மையங்கள் வழக்கம்போல. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், ஆள் கூடிய மையங்களில் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருக்கிறது. கணக்கிலும் மொழியிலும் அந்தக் குழந்தைகள் முந்தியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை: வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளும் அங்கே குறைந்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் அவளிடம் இரண்டு தரம் கேட்டேன். படிக்க வைக்க ஆள் போட்டால் எடை எப்படிக் கூடும்? யோசித்தால் எங்களுக்கு இது புதிரே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால், எடை பார்ப்பதை அவசரமில்லாமல் பார்க்கலாம், சத்துமாவு வாங்கிப்போன வீட்டில் அதைக் குழந்தைக்குத்தான் கிண்டுகிறார்களா என்று போய் எட்டிப் பார்க்கலாம், புதிதாகப் பிள்ளை பெற்றவளிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். இன்றைக்கு என் நிலைமை என்னவென்றால், குழந்தைகள் பாட்டின் இரண்டாவது அடிக்கு வரும்போது போஷன் டிராக்கர் என்ற மத்திய அரசின் செல்போன் செயலியில் போட்டோ ஏற்ற சிக்னல் தேடி வாசலில் நிற்பேன். தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியல் வேலையும் எங்களில் பலர் தலையில்தான். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். பாட்டு அந்தரத்தில் நிற்கும்.

இந்த ஆய்வு 2024ல் அமெரிக்காவில் வெளியாகும் ஒரு பெரிய பொருளாதார இதழில் அச்சாகியிருக்கிறது. "ஒத்தை ஆளால முடியலைங்க" என்று நாங்கள் சொன்னால் புலம்பல் என்பார்கள். இவர்கள் அதை அளந்தே காட்டியிருக்கிறார்கள், அந்த மட்டில் அவர்களுக்கு நன்றி. ஆனால் நான் போன எந்தப் பயிற்சியிலும் எந்தக் கூட்டத்திலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் மையங்களில், எங்கள் குழந்தைகளை வைத்து எடுத்த கணக்கு, எம்.ஏ. மாணவிக்குப் பாடமாக இருக்கிறது, எங்களுக்குத் தகவலாகக்கூட இல்லை.

பயிற்சி என்ற பெயரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மண்டபம், ஒரு திரை, மைக் வைத்துக்கொண்டு ஒருவர். மேலே யாரிடமோ கற்றுக்கொண்டதை அவர் வேகவேகமாக ஒப்பிப்பார், ஏனென்றால் அவருக்குக் கொடுத்த நேரமே அவ்வளவுதான். "மூளை வளர்ச்சி 85 சதவீதம் ஆறு வயதுக்குள்" என்பதை எல்லாப் பயிற்சியிலும் கேட்டாயிற்று. சரி, அதற்கு நாளைக்குக் காலையில் நான் என்ன செய்யட்டும் என்று கேட்டால், கையெழுத்துப் போடும் தாள் வந்துவிடும். செல்போன் பாடங்கள் இன்னும் மோசம். வீடியோவை ஓடவிட்டுவிட்டு உலை வைத்தவர்களுக்கும் சான்றிதழ் வந்தது, எனக்கும் வந்தது.

நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரு செக்டார் மீட்டிங்கில் (சுற்றுவட்டார மையங்களின் பணியாளர்கள் கூடும் கூட்டம்), அதுவும் மேற்பார்வையாளர் வருவதற்குத் தாமதமான நேரத்தில். பக்கத்து ஊர் அக்கா ஒருவர், ஓய்வுபெறும் வயது, புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பத்து வரைக்கும் சொல்றானேன்னு சந்தோசப்படாத. நாலு கொட்டை எடுத்துக் குடுன்னு கேட்டுப் பாரு." மறுநாள் கேட்டேன். இருபது வரை மூச்சுவிடாமல் சொல்லி அம்மாவைப் பூரிக்க வைத்த பையன், கை நிறைய அள்ளி நீட்டினான். இன்னொரு பெண் குழந்தை ஒன்று கேட்டால் ஒன்று, இரண்டு கேட்டால் இரண்டு சரியாகக் கொடுத்தாள். மூன்று என்றதும் அவளும் அள்ளினாள்.

குழந்தை வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் இதைப் பல வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்களாம். எண்ணின் பெயரை வரிசையாகச் சொல்வது வேறு, கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது வேறு. ஒன்று பிடிபட்டு, இரண்டு பிடிபட்டு, மூன்று பிடிபட, ஒவ்வொன்றுக்கும் நடுவே மாதங்கள் ஆகும். இது தெரிந்த பிறகு அந்தப் பெண் குழந்தைக்கு நான் பத்து வரை சொல்லித் தருவதை நிறுத்திவிட்டு, மூன்றிலேயே நின்றேன். சாப்பாட்டுக்கு மூன்று தட்டு எடுத்து வா, மூன்று பேரைக் கூப்பிடு, செருப்பு எத்தனை பார். ஒருநாள் தானாகவே வந்து, "டீச்சர், மூணு முட்டதான் இருக்கு, எனக்கு?" என்றாள். நான்காவதை உதவியாளர் இன்னும் எடுத்து வரவில்லை. அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது.

அந்த அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்னொரு காலத்தில் பயிற்சி கொடுத்த அம்மா ஒருவர் மையத்துக்கே வந்து, பாய் விரித்துக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, போகும்போது ஒன்றிரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போவாராம். அடுத்த தடவை வந்து அதையே விசாரிப்பாராம். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள் என்கிறாள் அக்கா மகள்: ஒருநாள் சொற்பொழிவால் வகுப்பறையில் மாறுவது கொஞ்சம், அங்கேயே வந்து பார்த்துத் திரும்பத் திரும்பப் பேசுவதால் மாறுவது அதிகம். எங்கள் மேற்பார்வையாளர்களும் வருகிறார்கள். பாவம், அவர்கள் கண் பதிவேட்டை விட்டு எழுவதற்குள் அடுத்த மையத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. 2020ன் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதா கூடாதா என்ற சண்டை பெரியவர்களுடையது, நான் அதற்குள் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டு டிப்ளமோ, டிவி வழியாகவும் செல்போன் வழியாகவும் நடத்தலாம், ஆனால் மாதம் ஒரு நேரடி வகுப்பாவது வேண்டும் என்று அதில் இருக்கிறது. செல்போனை எல்லாரும் பிடித்துக்கொண்டோம். மாதம் ஒரு நேரடி வகுப்பு, அதுதான் எங்களுக்கு உயிர். எங்கள் மாநிலத்திலேயே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று நல்ல பாடத்திட்டம் இருக்கிறது. 2024ல் மத்திய அரசு மூன்று முதல் ஆறு வயதுக்கு 'ஆதார்ஷிலா' என்ற பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. புத்தகத்துக்குப் பஞ்சமில்லை.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரி என்ற முறையில் இன்னொன்று. ஊருக்கு ஊர் 'மாண்டிசோரி' என்று பலகை மாட்டியிருக்கும் தனியார் பள்ளிகளைப் பார்க்கிறோம். உள்ளே மூன்று வயதுப் பிள்ளை நாலு கோடு நோட்டில் விரல் நோக எழுதிக்கொண்டிருக்கும். அந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வந்தார். இரண்டாம் உலகப் போர் வந்து, பிரிட்டனுக்கு எதிரி நாடான இத்தாலியைச் சேர்ந்தவர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல், சில காலம் கொடைக்கானலில் இருந்தார். இதே மாவட்டத்து மலையில் குழந்தைகளைச் செடிகொடிக்கும் பூச்சிக்கும் நடுவே விட்டுப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1907ல் ரோம் நகரத்தில் அவர் தொடங்கிய முதல் பள்ளியே ஏழைக் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கானது. பீஸ் கட்டிப் படித்த பிள்ளைகள் இல்லை, எங்கள் பிள்ளைகள் மாதிரியானவர்கள்தான். அந்த அம்மா செய்த ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததுதான். தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். பார்த்ததை எழுதச் சொல்லி எங்களிடம் எந்தப் பதிவேடும் இல்லை. எடை, உயரம், முட்டை, மாவு, வருகை, எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு.

ஆகவே அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இது. மாதக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரத்தைப் பதிவேட்டிடமிருந்து மீட்டுக் கொடுங்கள். அதில் ஒரு மாதம் ஓர் ஆய்வை இரண்டு பக்கத் தமிழில் படிப்போம், மறுமாதம் எங்களில் ஒருவர் தன் மையத்தில் பார்த்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லட்டும். மேற்பார்வையாளர் வரும் நாட்களில் ஒருநாளாவது பதிவேட்டைத் திறக்காமல் பாயில் உட்காரட்டும். கூடுதல் ஆள் தருவது பணம் சம்பந்தப்பட்டது, மந்திரிசபை வரை போகும். ஆனால் 320 மையங்களின் கணக்கு கையில் இருக்கும்போது அதைக் கேட்பதற்கு எங்களுக்கு இனிமேல் கூச்சமில்லை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த ஆய்வின் சாரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழிலேயே தமிழில் போடுங்கள். அரைப் பக்கம் போதும். அக்கா மகள் போனில் சொன்னதை வைத்துக்கொண்டு நான் மீட்டிங்கில் பேசினால் நம்பமாட்டார்கள், பேப்பரில் வந்ததென்றால் வெட்டிக் கொண்டுபோய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். வேலையில் இருப்பவள்.)