அந்த மேடையை விட்டு வையுங்கள்

எங்கள் மலையக நகரசபைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே பூட்டிக் கிடக்கும் பழைய தியேட்டரை இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்டப் போவதாக டவுனில் பேச்சு. கடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இடிப்பதற்கு முன் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். திரை எப்போதோ கிழிந்துவிட்டது. அதற்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை மேடை இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறேன்.

நான் அந்தத் தியேட்டர் கலரியில், குறைந்த டிக்கெட் வரிசையில், வளர்ந்தவன். சம்பளம் போட்ட சனிக்கிழமை தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து அப்பாவோடு நடந்து வருவோம். மழை பிடித்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் வசனம் ஒன்றும் காதில் விழாது. பத்துத் தடவை பார்த்த படம்தானே, கலரியே சேர்ந்து வசனத்தைச் சொல்லிவிடும். ஈரக் கம்பளி வாடைக்கு நடுவே எம்.ஜி.ஆர். குதிரையில் வருவார். இடைவேளைக்கு லைட் போட்டதும் முதல் வேலை, காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. எம்.ஜி.ஆர். நம் கண்டிச் சீமையில் பிறந்தவர் என்பதில் அப்பாவுக்கு இருந்த பெருமை, பெற்ற பிள்ளைகள் மேல்கூட இருந்ததில்லை.

படக்கொட்டகைக்கு என்ன சரித்திரம் என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். இலங்கையில் முதன்முதலாகப் படம் காட்டியது 1901-இல், ஆளுநருக்கும், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் பிடித்து வந்த போயர் போர்க் கைதிகளுக்கும் என்பார்கள். அந்தக் கைதிகளை ஆயிரக்கணக்கில் அடைத்திருந்த முகாம் நம் தியத்தலாவையில். முதல் சிங்களப் பேசும்படத்தை 1947-இல் கொண்டுவந்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர். 1970-களில் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் வி.பி.கணேசன் தானே தயாரித்து, தானே நடித்துத் தமிழ்ப் படம் எடுத்தார். 1983 ஜூலை இனக் கலவரத்தில் எரிந்தவற்றில் தியேட்டர்களும் உண்டு; நம்முடையது எப்படியோ தப்பியது. அப்புறம் டிவியும் வீடியோ டெக்கும் வந்து அதைப் படுக்க வைத்தன.

சரி, கொழும்புக்குப் போவோம். மருதானை டவர் ஹோல், 1911 டிசம்பரில் ஹென்ட்ரிக் செனவிரத்ன நூர்த்தி நாடகங்களுக்காகத் திறந்தது. நூர்த்தி என்றால் பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, ஹிந்துஸ்தானி மெட்டில் வளர்ந்த சிங்கள நாடகம். பேசும்படம் வந்ததும் நாடகம் ஒதுங்கிப்போய், டவர் ஹோலும் படக்கொட்டகையானது. அதை யாரும் இடித்துப் போடவில்லை. 1978-இல் சட்டமே போட்டு, அதற்கென ஒரு மன்றம் அமைத்து, திரும்பவும் நாடக அரங்காக்கினார்கள். முன்னின்றவர் ஆர்.பிரேமதாச. அப்போது உள்ளூராட்சி அமைச்சு அவர் கையில்தான் இருந்தது. உங்கள் துறைதான் ஐயா.

தோட்டங்களில் ரதி-மதன் கதையை ஆடும் காமன் கூத்தை நம் தியேட்டர் மேடையில் ஏற்றச் சொல்லவில்லை. பொட்டலும் தப்பு மேளமும் இல்லாமல் ரதி ஏது, மதன் ஏது? ஆனால் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி வந்தால் நம் பிள்ளைகள் நாடக ஒத்திகைக்குக் கோயில் மண்டபத்தில் போய்க் கெஞ்சுகிறார்கள், அதுவும் கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்து. டிக்கெட் கவுண்டர் இருந்த முன்பக்கம் முழுக்கக் கடை கட்டுங்கள். பின்னால் மண்டபத்தையும் மேடையையும் விட்டு வையுங்கள்.

சாவி உங்கள் ஒபிசில்தான் இருக்கிறதாம். வருகிற போயா (பௌர்ணமி) லீவில் வந்தால் நானும் வருகிறேன். மேடைக்கு ஏறும் இடது பக்கப் படியில் மூன்றாவது பலகை இற்றுப்போயிருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய கலரிக்காரன்