‘சாப்பிடாதீர்கள்’ என்றால் போதுமா? எச்சரிக்கை வாசகம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பொருள்களின் லேபிளில் எச்சரிக்கை வாசகம் எழுதுவோருக்கும், அதற்கு ஒப்புதல் தரும் தர அமைப்பினருக்கும், ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும் சட்டப் பிரிவினருக்கும் வணக்கம்.

இஸ்திரிப் பெட்டியில் ‘உடுத்தியிருக்கும் துணியைத் தேய்க்காதீர்கள்’ என்று இருக்கிறது. ஹேர் டிரையரில் ‘தூங்கும்போது பயன்படுத்தாதீர்கள்’. கத்தியின் உறையில் ‘கூர்மையானது’. இவை எப்படி வந்து சேர்ந்தன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கோ ஒருவர் காயப்பட்டார், வழக்கு வந்தது, அல்லது வந்துவிடும் என்று யாரோ பயந்தார்கள், ஒரு வரி கூடியது. இவற்றைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இது சிரிக்கும் விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. லேபிளில் இருப்பது உள்ளங்கை அளவு இடம். தெரிந்த ஆபத்தைச் சொல்லும் ஒவ்வொரு வரியும், தெரியாத ஆபத்தைச் சொல்ல வேண்டிய வரியின் இடத்தில்தான் உட்காருகிறது.

கேட்பது ஒன்றுதான். பார்த்தாலே புரிகிற ஆபத்துகளை லேபிளிலிருந்து கையேட்டுக்கு மாற்றுங்கள். பார்த்தால் புரியாத ஆபத்தை முதல் வரியில் எழுதுங்கள், காரணத்தோடும் முதலுதவியோடும்.

ஈரம் உறிஞ்சுவதற்காகப் பெட்டிகளிலும் தின்பண்ட உறைகளிலும் போடும் சிறு பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாள், சிவப்பு எழுத்தில் ‘சாப்பிடாதீர்கள்’. உள்ளே இருப்பது குறைந்தது மூன்று வகைப் பொருள்களில் ஒன்றாக இருக்கலாம்.

காலணிப் பெட்டியிலும் மாத்திரைக் குப்பியிலும் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா ஜெல். நிறமற்ற மணிகள். விழுங்கினாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும், உடம்போடு எந்த வினையும் புரியாது. சிறு குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கலாம் என்பதே இதில் உள்ள முக்கிய ஆபத்து. ஆனால் அதே ஜெல் நீல நிறத்தில் இருந்தால் அதில் ஈரத்தைக் காட்டுவதற்காகக் கோபால்ட் குளோரைடு சேர்த்திருப்பார்கள். அது நச்சுப் பொருள்.

இரண்டாவது வகை, ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம். உள்ளே இரும்புத் தூளும் உப்பும் இருக்கும். தெரியாமல் உணவோடு மைக்ரோவேவ் அடுப்பில் போனால் பொறி பறந்து பொட்டலம் கருகும். நாய் கிழித்துத் தின்றால் இரும்பு நச்சு ஏறலாம்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. மொறுமொறுப்பு குறையக் கூடாத தின்பண்டங்களில் இதைப் போடுகிறார்கள். தண்ணீர் பட்ட நொடியில் கொதித்து நீறும். அந்த வெப்பமே சுடும், நீறிய சுண்ணாம்போ கடும் காரம். கிழிந்த பொட்டலத்திலிருந்து தூள் கண்ணில் தெறித்தால், கண்ணீரின் ஈரமே அதற்குப் போதும். காரம் கருவிழிப் படலத்தை அரித்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், பார்வை போகலாம். அப்போது செய்ய வேண்டியது, இமையை விரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போவது. தோலில் கொட்டினால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, அதன்பின் நிறையத் தண்ணீர் விட வேண்டும். வாயில் போனால் கொப்பளிக்க வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

பொட்டலத்தில் இவற்றில் எது இருக்கிறது? மூன்றுக்கும் எழுதியிருப்பது ‘சாப்பிடாதீர்கள்’. உள்ளே இருப்பது என்ன என்பதைப் பல பொட்டலங்கள் சொல்வதே இல்லை. குழந்தை பொட்டலத்தைக் கடித்துவிட்டது என்று பதறும் தாய்க்கு, தொண்டையைப் பார்ப்பதா, கண்ணைக் கழுவுவதா, ஒன்றும் செய்ய வேண்டியதில்லையா என்று அந்தப் பொட்டலம் ஒரு வார்த்தை உதவுவதில்லை. மருத்துவரிடம் எடுத்துப் போனால் அவரும் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஊகிக்கத்தான் வேண்டும்.

இதற்குத் தனிப் பொட்டலம் தேவையில்லை, கூடுதல் மையும் வேண்டாம். ஒன்றில் ‘சிலிக்கா ஜெல். நச்சு இல்லை. குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கலாம்’ என்று இருக்கட்டும். இன்னொன்றில் ‘சுட்ட சுண்ணாம்பு. ஈரம் பட்டால் கொதிக்கும். கண்ணில் பட்டால் உடனே 20 நிமிடம் தண்ணீரில் கழுவவும்’ என்று இருக்கட்டும். ‘சாப்பிடாதீர்கள்’ என்பதை எட்டு மொழிகளில் அச்சிடக் கிடைக்கும் இடம் இதற்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

ப்ளீச் பாட்டிலிலும் இதே கதைதான். ‘குடிக்காதீர்கள்’, ‘கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’, ‘வண்ணத் துணியில் ஊற்றாதீர்கள்’, ‘வெயிலில் வைக்காதீர்கள்’ என்று போய், அந்த வரிசையின் நடுவே, அதே பொடி எழுத்தில் ‘வேறு பொருள்களோடு கலக்காதீர்கள்’ என்று வரும். வீட்டில் புழங்கும் ஒருவர் தானாக ஊகிக்க முடியாத ஒரே வரி அதுதான். ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிப்பறை கழுவும் ஆசிட் அதோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், ஆகவே தரையோடு தங்கும். கதவு சாத்திய சிறிய குளியலறையில் குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேரே அது நிற்கும். இருமல் அடங்கிவிட்டது என்று இருந்துவிடவும் முடியாது, சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். ‘வேறு பொருள்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாருக்குப் புரியும்? அழுக்குப் போகவில்லையே என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறவர் அலட்சியக்காரர் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘ஆசிட்’ என்ற சொல் பெரிய எழுத்தில், மூடிக்கு அருகில் இருக்க வேண்டும். ‘மூச்சு முட்டினால் உடனே வெளியேறவும்’ என்பது அடுத்த வரியாக இருக்க வேண்டும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ரசாயன லேபிள் விதிமுறை, தவிர்க்க முடியாத தேவை இருந்தாலொழிய, முன்னெச்சரிக்கை வாசகங்கள் 6-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. உலகளாவிய ரசாயன லேபிள் முறையில் ‘அபாயம்’ என்ற சொல் வந்துவிட்டால் அதைவிடக் குறைந்த ‘எச்சரிக்கை’ என்ற சொல் வரக் கூடாது. மண்டையோட்டுக் குறி இருந்தால் ஆச்சரியக்குறியை எடுத்துவிட வேண்டும். பெரியது சொல்லப்பட்ட இடத்தில் சிறியது விலக வேண்டும் என்பதை ரசாயனத்துக்கு ஏற்றுக்கொண்டவர்கள், மற்ற பொருள்களுக்கு ஏன் ஏற்கக் கூடாது? புதிய வரி சேர்க்க ஒரு மின்னஞ்சல் போதும். பழைய வரியை எடுக்கவோ யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குத்தான் ஆள் இல்லை. அதனால் லேபிள் வளர்கிறது, எழுத்து சுருங்குகிறது, படிக்கும் பழக்கமே போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் லேபிளே தவறான மருந்து. இயந்திரப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 12100 வரிசைப்படுத்துவது இப்படித்தான்: முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் தடுப்பு வை, அதன்பிறகும் மிஞ்சுவதற்கே எச்சரிக்கை எழுது. பொத்தான் பேட்டரியை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம், ஏனென்றால் ஈரமான திசுவில் மின்சாரம் பாய்ந்து அங்கே காரம் உருவாகிறது. ரிமோட்டில் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று எழுதிவிட்டு, நகத்தால் திறக்கும் மூடியைப் பொருத்துவது எந்த நியாயம்? அங்கே வேண்டியது ஒரு திருகாணி. ஹேர் டிரையரும் அப்படித்தான். சுவிட்சை அணைத்திருந்தாலும் பிளக் மாட்டியிருக்கும்வரை அது தண்ணீரில் விழுந்தால் மின்சாரம் தாக்கும். இதைத் தடுக்கும் துண்டிப்பானைப் பிளக்கிலேயே வைக்க முடியும், வைத்தும் வருகிறார்கள். வைக்காதவர்கள் தூங்குவதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கோபம் சற்று மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நல்ல லேபிள் எழுதத் தெரிந்தவர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். சாய்வு ஏணியின் பக்கச் சட்டத்தில் ‘எல்’ வடிவக் கோடு ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அதன் ஒரு கோடு நெட்டுக்குத்தாகவும் இன்னொன்று தரைக்கு இணையாகவும் அமையும்படி சாய்த்தால் கோணம் சரி, அதாவது ஏறக்குறைய 75 பாகை. படிப்பு வேண்டாம், மொழி வேண்டாம். ஏணி வழுக்கி விழுவதற்கான காரணத்தைத் தேடிப் பார்த்த ஒருவர் வரைந்த கோடு அது.

அதே அக்கறையைத்தான் மீண்டும் பணிவோடு கேட்கிறேன். பார்த்தாலே புரிவதை எடுங்கள். பார்த்தால் புரியாததை முதல் வரியில், காரணத்தோடும் முதலுதவியோடும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால், அடுத்த அச்சுக்குப் போகும் சுண்ணாம்புப் பொட்டலத்திலிருந்து தொடங்குங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
லேபிளைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரு பயனர்